மூணு புள்ளைக்குப் பால் கொடுத்தவளுக்கு ஏன் வந்துச்சு?

இந்த எபிசோடுக்காக மைக் முன்னாடி உட்கார்றது இது நாலாவது தடவை. முதல் மூணு டேக்கையும் அழிச்சுட்டேன். மைக் பிரச்சினை இல்லை, ஃபேன் சத்தமும் இல்லை. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ற இடத்துல எல்லாம் என் குரல் தானா கீழ இறங்குது. எடிட் பண்ணும்போது வேவ்ஃபார்ம்ல பார்த்தா அப்பட்டமா தெரியுது, அந்த இடத்துல மட்டும் கோடு சப்பையா கிடக்கு.

வார்த்தை, மார்பகம். ஆஸ்பத்திரி போர்டுல எழுதியிருக்குற, கௌரவமான, யாரும் முகம் சுளிக்காத வார்த்தை. அதுக்கே இந்த நிலைமை. பழைய தமிழ்ல 'முலை'ன்னு எந்தக் கூச்சமும் இல்லாம எழுதினாங்க. கண்ணகி மதுரையை எரிச்சது தன் முலையைத் திருகி எறிஞ்சுதான், அதைப் பள்ளிக்கூடத்துலயே படிச்சோம். ஆனா அந்தப் பாடம் நடத்தின சாரும் அந்த வரி வந்தப்ப வேகமா தாண்டிப் போனார்னு எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு.

இன்னிக்கு எபிசோட் என் பெரியம்மாவைப் பத்தி. கூடவே, 1500ல இருந்து 1800 வரைக்கும் உலகத்துல இருந்த டாக்டர்கள் பெண்களோட மார்பைப் பத்தி என்ன நினைச்சுக்கிட்டு இருந்தாங்க, அதுல வர்ற நோய்க்கு என்ன காரணம் சொன்னாங்க, என்ன வைத்தியம் பண்ணாங்கன்னும் பேசப்போறேன். இது ரெண்டும் எப்படி ஒண்ணாச்சுன்னு போகப் போகத் தெரியும். முன்னாடியே சொல்லிடுறேன், நான் டாக்டர் இல்லை, கோட் எழுதுறவன். சந்தேகம்னா டாக்டர்கிட்ட போங்க.

எங்க ஊர் மங்கலம்பேட்டை. விருத்தாசலத்துல இருந்து உளுந்தூர்பேட்டை போற ரோட்டுல வரும். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஒரு மார்கழி மாசம், குளிக்கும்போது இடது மார்புல ஒரு கட்டி கைக்குத் தட்டுப்பட்டிருக்கு பெரியம்மாவுக்கு. வலி இல்லை. சூட்டுக் கட்டின்னு நினைச்சு மஞ்சளும் சுண்ணாம்பும் குழைச்சுப் பத்து போட்டாங்க. யார்கிட்டயும் சொல்லலை. சித்திரையில லேசா வலி வந்ததும் பக்கத்து டவுன்ல ஒரு கிளினிக்குக்குத் தனியா பஸ் ஏறிப் போயிருக்காங்க. உள்ள ஆம்பள டாக்டர். இவங்க வாய்ல வந்தது, "நெஞ்சு வலிக்குது சார்."

அவர் என்ன பண்ணுவார்? இ.சி.ஜி. எடுத்தார். நார்மல். கேஸ் மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிட்டார். அந்த டாக்டரைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. இன்புட் தப்பா போச்சு, அவுட்புட் அதுக்கேத்த மாதிரி வந்துச்சு. ஆவணி மாசம்தான் அக்கா, அதாவது பெரியம்மாவோட பொண்ணு, தற்செயலா பார்த்துட்டு சத்தம் போட்டுப் புதுச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனா. அதுக்குள்ள அக்குள்ல நெறி கட்டியிருந்துச்சு. எட்டு மாசம் ஓடிப்போச்சு.

பயாப்ஸி ரிசல்ட் வந்த அன்னிக்கு நான் சென்னையில இருந்து போய்ச் சேர்ந்தேன். பெரியம்மா அழலை. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டாங்க. "நான் மூணு புள்ளைக்குப் பால் கொடுத்தவடா. எனக்கு எப்படிடா வரும்?"

அது வெறும் புலம்பல் இல்லை, வாதம். அவங்க மனசுல ஒரு லாஜிக் இருந்திருக்கு. பால் கொடுத்தா அந்த இடம் சுத்தமாயிடும், கொடுக்காதவளுக்குத்தான் கட்டும். அந்த எட்டு மாசமும் அந்த லாஜிக்தான் அவங்களைத் தூங்க வெச்சிருக்கு. இது எங்க இருந்து வந்துச்சுன்னு வார்டுக்கு வெளிய பெஞ்சுல உட்கார்ந்துக்கிட்டு ராத்திரி போன்ல படிக்க ஆரம்பிச்சேன். அது என்னைப் பல நூறு வருஷம் பின்னாடி இழுத்துட்டுப் போயிடுச்சு.

முதல்ல பால். நம்ம சினிமா அம்மாக்கள் எல்லாரும் ஒரு தடவையாவது சொல்லிட்டாங்க, "என் ரத்தத்தைப் பாலா கொடுத்து வளர்த்தேன்"னு. நாம அதை உவமையா எடுத்துக்குவோம். பழைய ஐரோப்பிய டாக்டர்களுக்கு அது உவமை இல்லை, உடற்கூறு. கர்ப்பமா இருந்தா மாதவிடாய் நிக்குது. பிள்ளை பிறந்ததும் பால் வருது. பால் கொடுக்குற வரைக்கும் மாதவிடாய் பெரும்பாலும் திரும்ப வர்றதில்லை. அப்போ அந்த ரத்தம் எங்க போச்சு? மேல ஏறி மார்புக்கு வந்து வெள்ளையாயிடுச்சு. சத்தியமா சொல்றேன், இருக்குற டேட்டாவை மட்டும் வெச்சுப் பார்த்தா இது மோசமான தியரி இல்லை. லியோனார்டோ டா வின்சி 1490கள்ல வரைஞ்ச ஒரு உடற்கூறுப் படத்துல, கருப்பையில இருந்து மார்புக்கு நேரா ஒரு குழாய் போகும். அப்படி ஒரு குழாய் உடம்புலயே கிடையாது. ஆனா தியரி இருக்கணும்னு சொன்னதால, அவ்வளவு கூர்மையான கண்ணு இருந்த மனுஷனும் அதை வரைஞ்சுட்டார்.

இந்தத் தியரியில இருந்துதான் நோய்க்கும் காரணம் வருது. இரண்டாம் நூற்றாண்டுல இருந்த கேலன்னு ஒரு கிரேக்க வைத்தியர். நமக்கு வாதம், பித்தம், கபம்னு மூணு மாதிரி அவங்களுக்கு ரத்தம், சளி, மஞ்சள் பித்தம், கரும்பித்தம்னு நாலு. மாதவிடாய் நின்ன பெண்ணுக்கு வெளிய போகாத கழிவு உடம்புலயே தங்கி, கரும்பித்தமா கெட்டிப்பட்டு, மார்புல புற்றா உட்காருதுன்னு அவரோட கணக்கு. கட்டியைச் சுத்திப் புடைச்ச நரம்புகள் அவங்களுக்கு நண்டுக் கால் மாதிரி தெரிஞ்சுது. அதனாலதான் இங்கிலீஷ்ல இந்த நோய்க்கு நண்டோட பேர். நம்ம ஆளுங்களுக்கு அது கறையான் புத்து மாதிரி தெரிஞ்சிருக்கு, புற்று. எனக்கு நம்ம பேர்தான் சரியாப் படுது. வெளிய தெரியறது கொஞ்சம், உள்ள எவ்வளவு தூரம் போயிருக்குன்னு தெரியாது.

கரும்பித்தம்னு ஒண்ணு உடம்புல கிடையாது. ஆனா சுமார் 1,400 வருஷம் அது ஐரோப்பாவுல ஓடுச்சு. அந்தக் காலத்துல ஒரு பெண்ணுக்குக் கட்டி வந்தா முதல்ல ரத்தத்தைக் கீறி விடுவாங்க, பேதிக்குக் கொடுப்பாங்க, பித்தம் சேராத சாப்பாடு சொல்லுவாங்க. கடலூர்லயும் பரங்கிப்பேட்டையிலயும் தரங்கம்பாடியிலயும் வந்து இறங்கின ஐரோப்பிய டாக்டர்கள் கையில இருந்ததும் இந்த மருத்துவம்தான். அதனாலயோ என்னவோ, அவங்க நம்ம வைத்தியர்களைக் குறைச்சு நினைக்கலை. தரங்கம்பாடியில இருந்த கிருண்ட்லர்னு ஒரு ஜெர்மன் பாதிரியார் 1711ல தமிழ் மருத்துவத்தைப் பத்தி ஒரு கையெழுத்துப் புத்தகமே எழுதினார். ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒரே தூரத்துல நின்ன காலம் அது.

இப்போ பெரியம்மா கேள்விக்கு வர்றேன். இங்கதான் நான் பெஞ்சுல இருந்து எழுந்து உட்கார்ந்தேன்.

சுஸ்ருத சம்ஹிதையில நிதான ஸ்தானம்னு ஒரு பகுதி, நோய்களோட காரணம் சொல்றது. அதுல பத்தாவது அத்தியாயத்துல மார்பு நோய்கள் வருது. அங்க என்ன சொல்லியிருக்குன்னா, கன்னிப் பெண்களுக்கு மார்புல இருக்குற குழாய்களோட வாய் மூடியிருக்கும், அதனால தோஷம் உள்ள போக வழி இல்லை, அவங்களுக்கு மார்பு நோய் வராது. கர்ப்பமானவங்களுக்கும் பிள்ளை பெத்தவங்களுக்கும் அந்த வாய் தானா திறக்குது, அப்போதான் நோய் வருது. அதாவது பெரியம்மா சொன்னதுக்கு நேர் எதிர். பால் கொடுத்தவளுக்குத்தான் வரும்.

இன்னொரு பக்கம் இத்தாலி. ராமஸ்ஸினின்னு ஒரு டாக்டர். எந்தத் தொழில் பண்றவங்களுக்கு எந்த நோய் வருதுன்னு உலகத்துலயே முதல் தடவையா உட்கார்ந்து ஒரு முழுப் புத்தகம் எழுதினவர், வருஷம் 1700. தங்க முலாம் பூசுறவன், சாக்கடை அள்ளுறவன், குயவன்னு வரிசையா போய்க்கிட்டே, கூலிக்குப் பால் கொடுக்குற செவிலித்தாய்கள் பத்தின அத்தியாயத்துல போற போக்குல ஒண்ணு சொல்றார். மத்த பெண்களை விடக் கன்னியர் மடத்துல இருக்குற பெண்களுக்குத்தான் மார்புப் புற்று அதிகமா வருது. இத்தாலியில மடம் இல்லாத ஊரே இல்லை, இந்த நோய் இல்லாத மடமும் அபூர்வம்.

ஒருத்தர் கன்னிக்கு வராதுங்கிறார், இன்னொருத்தர் கன்னிக்குத்தான் வருதுங்கிறார். எது சரி?

என் புரிதலைச் சொல்றேன். ரெண்டு பேரும் வேற வேற நோயைப் பார்த்திருக்காங்க. சுஸ்ருதர் காலத்துல மார்பு நோயோட ஒரு வைத்தியரைத் தேடி வர்ற பெண்கள்ல பெரும்பாலானவங்க இளம் தாய்கள். பால் கட்டி, காய்ச்சல் வந்து, சீழ் பிடிச்சவங்க. அது நிஜமாவே பால் கொடுக்கும்போதுதான் அதிகம் வரும். ராமஸ்ஸினி பார்த்தது வயசான, பிள்ளை பெறாத பெண்களை. அவங்க சாகுறது புற்றுல. ரெண்டு பேரோட கவனிப்பும் அவங்கவங்க சாம்பிளுக்குச் சரி.

ஆனா ராமஸ்ஸினி காரணம் சொன்ன இடத்துல சறுக்கிட்டார். கருப்பைக்கும் மார்புக்கும் நடுவுல ஏதோ மர்மமான உறவு இருக்கு, பிரம்மச்சரியத்துல அது கெட்டுப்போகுதுன்னார். என் வேலையில இது தினமும் நடக்குறதுதான். லாகை ஒழுங்கா பார்த்து, எர்ரர் எந்த சர்வர்ல வருதுன்னு சரியா பிடிச்சுட்டு, காரணம் மட்டும் தப்பா எழுதி டிக்கெட்டை மூடிடுவோம். 226 வருஷம் கழிச்சு, 1926ல, இங்கிலாந்துல ஜேனட் லேன் கிளேபோன்னு ஒரு பெண் டாக்டர் அந்த டிக்கெட்டைத் திரும்பத் திறந்தாங்க. நோய் வந்த 500 பெண்கள், வராத 500 பெண்கள், ரெண்டு குழுவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுக் கேள்வி கேட்டாங்க. எத்தனை வயசுல கல்யாணம், எத்தனை பிள்ளை, பால் கொடுத்தியா? பிள்ளை குறைவா பெத்தவங்களுக்கு ஆபத்து அதிகம்னு கணக்குல வந்துச்சு. இந்த மாதிரி ஒப்பிட்டுப் பார்க்குற முறைக்கே அந்த ஆய்வுதான் முன்னோடி.

அப்புறம் 2002ல 'லான்செட்' இதழ்ல ஒரு பெரிய கணக்கு வந்துச்சு. 30 நாடுகள், 47 ஆய்வுகள், நோய் வந்த சுமார் 50,000 பெண்கள். ஒவ்வொரு 12 மாசம் பால் கொடுக்கும்போதும் ஆபத்து 4.3 சதவீதம் குறையுது. அது இல்லாம ஒவ்வொரு பிரசவத்துக்கும் 7 சதவீதம் குறையுது.

ராத்திரி ரெண்டு மணிக்கு அந்த பெஞ்சுல நான் பண்ண காரியம் என்ன தெரியுமா? போன்ல கால்குலேட்டரைத் திறந்தேன். பெரியம்மாவுக்கு மூணு பிள்ளை, ஒவ்வொண்ணுக்கும் ஒன்றரை வருஷம் பால். பெருக்கிப் பார்த்தேன். சராசரிக் கணக்கை ஒரு தனி ஆளுக்குப் போடக்கூடாதுன்னு எனக்கும் தெரியும், இருந்தாலும் போட்டேன். ஆபத்து சுமாரா மூணுல ஒரு பங்கு குறையுது. பெரியம்மா சொன்னது பொய் இல்லை. மூணுல ஒரு பங்கு நிஜம். மிச்ச ரெண்டு பங்கு அங்கேயேதான் இருந்துச்சு, அதை யாரும் அவங்ககிட்ட சொல்லலை.

சரி, வைத்தியத்துக்கு வருவோம். கொஞ்சம் அருவருப்பா இருக்கும், சாப்பிட்டுக்கிட்டு இருக்கவங்க நிறுத்திட்டுக் கேளுங்க. அந்தக் கால இங்கிலாந்துல புற்றை ஓநாய்னும் சொல்லுவாங்க. உள்ள உட்கார்ந்து சதையைத் திங்குது. அதுக்குப் பசிக்குதுன்னா வெளியில இருந்து போட்டுட்டா போச்சு, அம்மாவை விட்டுடும்னு புண்ணு மேல பச்சைக் கறித் துண்டை வெச்சுக் கட்டினாங்க. இன்னொரு பக்கம் பாஷாணப் பசை வெச்சு எரிச்சாங்க. சுண்ணாம்புப் பத்தைப் பார்த்து இனிமே யாரும் சிரிக்க வேண்டாம்.

பால் கட்டினதுக்கு ஒரு வைத்தியம், நாய்க்குட்டி. ஆமா, நாய்க்குட்டியை விட்டு உறிஞ்ச வைக்கிறது. பெண் உரிமைக்குப் புத்தகம் எழுதின மேரி வுல்ஸ்டன்கிராஃப்ட் 1797ல பிரசவம் ஆகி, நஞ்சு முழுசா வெளிய வராம காய்ச்சல்ல கிடந்தப்ப, டாக்டர் குழந்தைக்குப் பால் கொடுக்க வேண்டாம்னு சொல்லிட்டார். பாலை எடுக்க நாய்க்குட்டிகளைக் கொண்டு வந்தாங்க. பத்து நாள்ல அவங்க இறந்துட்டாங்க. அந்தக் குழந்தைதான் பின்னாடி 'ஃபிராங்கன்ஸ்டைன்' நாவலை எழுதின மேரி ஷெல்லி.

இந்த விஷயத்துல நம்ம ஊர் வைத்தியம் எவ்வளவோ நாகரிகம். மல்லிகைப் பூ. பால் மறக்க வைக்கணும்னா மல்லிப்பூவை மார்புல வெச்சுக் கட்டிக்கிறது. எங்க பாட்டி பண்ணியிருக்காங்க, பெரியம்மா பண்ணியிருக்காங்க. இதைக் கிழவிகள் கதைன்னு நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். 1868ல வெள்ளைக்கார அரசாங்கம் போட்ட இந்திய மருந்து நூல்லயே இது இருக்கு, பூவைக் கசக்கித் தண்ணி படாம வெச்சுக் கட்டணும்னு முறையோட. 1988ல வேலூர் சி.எம்.சி. டாக்டர்கள் இதைச் சோதிச்சே பார்த்துட்டாங்க. பிரசவமான பெண்கள்ல ஒரு பகுதிக்கு புரோமோகிரிப்டின் மாத்திரை, ஒரு பகுதிக்கு மல்லிகைப் பூ. ரத்தத்துல புரோலாக்டின் ஹார்மோன் மாத்திரையில அதிகமா குறைஞ்சுது, பூவுலயும் குறைஞ்சுது. ஆனா பால் குறைஞ்சதுலயும் மார்பு கட்டினதுலயும் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். இதைப் பெரியம்மாகிட்ட சொன்னப்ப, "இதுக்கு ஆராய்ச்சி வேறயா?"ன்னு கேட்டாங்க.

ஆனா பூவும் பத்தும் பால் கட்டுக்குத்தான். புற்றுக்கு அந்தக் காலத்துலயே உருப்படியா ஒரு வழிதான் இருந்துச்சு, கத்தி.

ஸ்கல்டேட்டஸ்னு ஒரு ஜெர்மன் சர்ஜனோட 1655ஆம் வருஷப் புத்தகத்துல ஒரு படம் இருக்கு. மார்புக்குக் குறுக்கே பெரிய ஊசி ரெண்டு குத்தி, கயிறு கோத்து, இழுத்துப் பிடிச்சு அறுக்குறாங்க. மயக்க மருந்து கிடையாது. ஈதர் வர்றது 1846லதான். அந்தப் படத்தை நான் பெரியம்மாவுக்குக் காட்டலை.

மயக்க மருந்துல ஜப்பான் எல்லாரையும் முந்திக்கிச்சு. ஹனாவோகா செய்ஷுன்னு ஒரு சர்ஜன் ஊமத்தையை முக்கியமா வெச்சு, இன்னும் சில மூலிகை சேர்த்து ஒரு கஷாயம் உருவாக்கினார். நம்ம ஊர்ல ரோட்டோரம் பூத்துக் கிடக்குமே, அந்த ஊமத்தை இனம்தான். அதைச் சோதிக்கிறதுல அவர் மனைவிக்குக் கண் பார்வை போச்சுன்னு சொல்லுவாங்க. 1804 அக்டோபர்ல அயா கான்னு 60 வயசு அம்மாவுக்கு அதைக் கொடுத்துத் தூங்க வெச்சு மார்புக் கட்டியை எடுத்தார். ஐரோப்பாவுல ஈதர் வர 42 வருஷம் முன்னாடி! அறுவை சிகிச்சை நல்லபடியா முடிஞ்சுது. ஆனா சில மாசத்துலயே அந்த அம்மா இறந்துட்டாங்க. ரொம்ப லேட்டா வந்திருக்காங்க.

லேட்டு. அந்த வார்த்தைக்குத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

18ஆம் நூற்றாண்டு நடுவுல லெ திரான்னு ஒரு பிரெஞ்சு சர்ஜன் கரும்பித்தத்தை ஓரமா ஒதுக்கி வெச்சுட்டு ஒண்ணு சொன்னார். புற்று உடம்பு பூரா இருக்குற கெட்ட நீர் இல்லை. ஒரு இடத்துல தொடங்குது, அப்புறம் நிணநீர் வழியா அக்குள் முடிச்சுக்குப் போகுது, அப்புறம்தான் மத்த இடத்துக்கு. அதனால சீக்கிரம் எடுத்தா பிழைக்கலாம். கேட்க சாதாரணமா இருக்கு. ஆனா கேலன் தியரிப்படி சீக்கிரம், லேட்டுங்கிற பேச்சுக்கே பெரிய அர்த்தம் இல்லை. உடம்பே கெட்டுப்போச்சுன்னா எப்போ போனா என்ன? லெ திரானுக்கு அப்புறம்தான் நாள் கணக்கு முக்கியமாச்சு. அக்குள்ல நெறி கட்டினதைத் தொட்டுப் பார்த்துட்டு புதுச்சேரி டாக்டர் முகம் மாறினாங்களே, அந்த முகமாற்றத்துக்கு வயசு 250 வருஷத்துக்கு மேல.

ஆனா லெ திரான் கண்டுபிடிச்சா போதுமா? அந்தப் பெண் போய்ச் சொல்லணுமே.

ஃபேனி பர்னின்னு ஒரு இங்கிலீஷ் நாவலாசிரியர், பாரிஸ்ல இருந்தாங்க. பெரிய பெரிய ஆளுங்க பழக்கம், படிப்பு, எல்லாம் இருந்துச்சு. 1810 ஆகஸ்ட்ல மார்புல வலி. புருஷன் டாக்டர்கிட்ட போகலாம்னு கெஞ்சுறார். இவங்க ஒண்ணும் இல்லைன்னு தள்ளிப் போடுறாங்க. ஒரு ஆம்பளைகிட்ட அதைக் காட்டுறதுல இருந்த கூச்சத்தைத் தாண்ட முடியலை. கடைசியா 1811 செப்டம்பர் 30, கறுப்பு உடை போட்ட ஏழு ஆம்பளைங்க வீட்டுக்குள்ள வர்றாங்க. நெப்போலியன் படையோட சர்ஜன் லாரேதான் அறுத்தார். ஒரு டம்ளர் ஒயின், முகத்து மேல ஒரு மெல்லிசு கைக்குட்டை, அவ்வளவுதான் மயக்கம். கைக்குட்டை வழியா கத்தி மின்னுறதுகூடத் தெரிஞ்சிருக்கு. பல மாசம் கழிச்சு அக்காவுக்கு எழுதின கடிதத்துல எல்லாத்தையும் எழுதியிருக்காங்க. எழுதினதைத் திரும்பப் படிக்க அவங்களுக்கே தெம்பு இல்லை.

ஆகஸ்ட்டுல இருந்து அடுத்த செப்டம்பர், 13 மாசம். பெரியம்மாவுக்கு எட்டு. பாரிஸ் ஆகட்டும், மங்கலம்பேட்டை ஆகட்டும், அந்தக் கூச்சம் மட்டும் அப்படியே இருக்கு.

நம்ம பக்கத்துலயே இதுக்கு ஒரு கதை உண்டு. திண்டிவனம், அப்போ எங்க ஊரோட சேர்ந்து எல்லாமே ஒரே தென்னாற்காடு ஜில்லா. 1890கள்ல ஒரு ராத்திரி, அமெரிக்க மிஷன் டாக்டர் ஒருத்தர் வீட்டுக் கதவைத் தட்டி, ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா மூணு பேர் வர்றாங்க. மூணு பேருக்குமே பொண்டாட்டி பிரசவத்துல தவிக்குது. டாக்டரோட பொண்ணு ஐடா ஸ்கடரைக் கூப்பிடுறாங்க. "எனக்கு ஒண்ணும் தெரியாது, அப்பாவைக் கூட்டிட்டுப் போங்க"ன்னு சொல்றாங்க. ஆம்பள டாக்டர் தொடக்கூடாதுன்னு மூணு பேரும் திரும்பிப் போயிடுறாங்க. காலையில மூணு பெண்களும் செத்துப் போயிருந்தாங்க. அந்தப் பொண்ணு அமெரிக்கா போய் மருத்துவம் படிச்சுட்டு 1900ல திரும்பி வந்து வேலூர்ல தொடங்கினதுதான் இன்னிக்கு சி.எம்.சி. மல்லிகைப் பூவைச் சோதிச்சாங்களே, அதே இடம். சென்னையில முத்துலட்சுமி ரெட்டி தங்கச்சியைப் புற்றுக்குப் பறி கொடுத்துட்டு, 1954ல அடையாறுல புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினது உங்கள்ல நிறைய பேருக்குத் தெரிஞ்சிருக்கும்.

யார் தொட்டுப் பார்க்குறாங்கங்கிறது சென்டிமென்ட் விஷயம் இல்லை. அதுக்கும் கணக்கு இருக்கு. மும்பையில டாடா மெமோரியல் ஆஸ்பத்திரி 20 வருஷம் ஒரு ஆய்வு நடத்தி 2021ல வெளியிட்டாங்க. ஒன்றரை லட்சம் பெண்கள். டாக்டர் கிடையாது, மேமோகிராம் மெஷின் கிடையாது. பயிற்சி கொடுத்த பெண் சுகாதாரப் பணியாளர்கள் ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை வந்து கையால தொட்டுப் பார்ப்பாங்க. மொத்தமா பார்த்தா வித்தியாசம் உறுதியாச் சொல்ற அளவுக்கு இல்லை. ஆனா 50 வயசுக்கு மேல இருந்தவங்கள்ல, மார்புப் புற்றுல சாகுறது கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைஞ்சிருக்கு. வெறும் கை. ஒரு பொம்பளையோட கை.

பெரியம்மாவுக்கு முதல்ல கீமோ, அப்புறம் ஆபரேஷன், அப்புறம் ரேடியேஷன். இப்போ மாத்திரை சாப்பிடுறாங்க, ஆறு மாசத்துக்கு ஒரு தடவை செக்கப். முடி திரும்ப வந்துடுச்சு, முன்ன விட சுருட்டையா. ஜாக்கெட்டுக்குள்ள வைக்க ஆஸ்பத்திரியில சிலிக்கான்ல ஒண்ணு சொன்னாங்க, விலையைக் கேட்டுட்டு வேண்டாம்னுட்டாங்க. அக்கா பழைய பருத்திப் புடவையில பை தைச்சு, உள்ள பஞ்சும் கொஞ்சம் கேழ்வரகும் போட்டுக் கொடுத்திருக்கா. கேழ்வரகு எதுக்குன்னா கனத்துக்கு. வெறும் பஞ்சு மேல ஏறிக்குதாம். இதை எந்த டாக்டரும் சொல்லித் தரலை, வார்டுல பக்கத்து பெட் அக்கா சொல்லிக் கொடுத்தது.

இந்த எபிசோடு பண்ணலாமான்னு போன வாரம் போன்ல கேட்டேன். "பேரை மட்டும் சொல்லாத"ன்னாங்க. அந்த வார்த்தையைச் சொல்ல வர மாட்டேங்குதுன்னேன். "மாருன்னு சொல்லேன், நாங்க அப்படித்தான சொல்றோம், அதுல என்ன இருக்கு"ன்னாங்க. கிளினிக்ல அதையே சொல்லியிருக்கலாமேன்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு. கேட்கலை.

ஃபேனி பர்னி கதையை ஆஸ்பத்திரியில இருந்தப்பவே சொல்லியிருந்தேன். திடீர்னு அது ஞாபகம் வந்து கேட்டாங்க, "அந்த வெள்ளைக்காரம்மா அப்புறம் எவ்வளவு நாள் இருந்துச்சு?"

"28 வருஷம் பெரியம்மா. 87 வயசு வரைக்கும்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. கணக்குப் போடுறாங்கன்னு புரிஞ்சுது. "எனக்கு இப்ப 53. அப்ப 81. அதுக்குள்ள நீ கல்யாணம் பண்ணிக்குவல்ல?"

நான் பதில் சொல்றதுக்குள்ள, வாசல்ல மல்லாட்டை காயுது, மழை வர்ற மாதிரி இருக்குன்னு போனை வெச்சுட்டாங்க.